31 வாரத்தில் பிறந்த முதல் குழந்தை: நான் என்ன தவறு செய்தேன்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் குழந்தை 31 வாரத்தில் பிறந்தது. வலி எதுவும் இல்லாமல் திடீரென்று பனிக்குடம் உடைந்து, மறுநாளே பிரசவம் ஆகிவிட்டது. ஐந்து வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு இப்போது இரண்டு வயது, நன்றாக இருக்கிறான். காரணம் கேட்டதற்கு டாக்டர் "குறிப்பாகச் சொல்ல முடியாது" என்றார். வீட்டிலோ ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்: நின்றுகொண்டே வேலை பார்த்தது, மாடிப்படி ஏறியது, ஆறாம் மாதத்தில் போன பயணம், அலுவலகத்தில் நடந்த சண்டை. இணையத்தில் தேடினால் முப்பது நாற்பது காரணிகள் கொண்ட பட்டியல் கிடைக்கிறது, அதில் பாதி உங்களுக்கும் பொருந்துகிறது. குறைப்பிரசவத்தின் ஆபத்துக் காரணிகள் என்னென்ன, அதில் சமூகக் காரணிகளின் பங்கு என்ன, அடுத்த கர்ப்பத்துக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும், ஆஸ்பிரின் உதவுமா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி இரண்டு வரிகளைப் படித்தபோது, நீங்கள் கேட்பது வேறு என்று பட்டது. என்னால்தான் இது நடந்ததா? அடுத்த முறையும் நடக்குமா?

நான் மகப்பேறு மருத்துவர். பிரசவ அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்திருக்கிறேன். குறைமாதத்தில் பெற்ற தாய்மார்கள் அந்த முதல் கேள்வியை வாய்விட்டுக் கேட்பது அபூர்வம். "என்ன காரணம் டாக்டர்?" என்பார்கள். அந்த "என்ன"வுக்குள் "நானா?" ஒளிந்திருக்கும். உங்கள் மருத்துவக் குறிப்புகளை நான் பார்த்ததில்லை, உங்களைப் பரிசோதித்ததும் இல்லை. ஆகவே உங்கள் விஷயத்தில் நடந்தது இன்னதுதான் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. பொதுவாக எது உறுதி, எது சந்தேகம், எது வெறும் பேச்சு என்று பிரித்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம். அதிலும் 28 வாரத்துக்கு முன், 28 முதல் 32 வரை, 32 முதல் 37 வரை என்று உலக சுகாதார நிறுவனம் மூன்றாகப் பிரிக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் மூன்றாவது வகை. உலகம் முழுக்க ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. 2020-ல் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம். நாட்டுக்கு நாடு இது நூற்றுக்கு 4-லிருந்து 16 வரை மாறுகிறது. யோசித்துப் பார்த்தால், இது ஒரு நோயின் பெயரே இல்லை, நாள்காட்டியில் போட்ட ஒரு கோடு. காய்ச்சல் என்ற ஒரே சொல்லுக்குள் மலேரியாவும் அடங்கும், சாதாரண சளியும் அடங்கும். அதுபோல இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழும் பிரசவங்களுக்குள்ளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கதைகள் இருக்கின்றன.

அந்தக் கதைகளை மூன்று கூட்டமாகப் பார்ப்பது எங்கள் வழக்கம். சிலருக்குப் பனிக்குடம் உடையாமலேயே வலி கண்டு, கருப்பை வாய் திறந்துவிடும். சிலருக்கு உங்களைப் போல வலி வருவதற்கு முன்பே பனிக்குடம் உடையும். மூன்றாவது கூட்டத்தில் பிரசவத்தைத் தொடங்கி வைப்பதே மருத்துவர்கள்தான்: தாயின் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் போகும், அல்லது நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போதிய இரத்தம் போகாது, இனி வயிற்றுக்குள் இருப்பதைவிட வெளியே இருப்பது பாதுகாப்பு என்று முடிவெடுப்போம். மொத்தக் குறைப்பிரசவங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தக் கடைசிக் கூட்டம். இணையப் பட்டியல்கள் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகின்றன. கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து உறுப்புகளைப் பாதிக்கும் ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற நோய்க்கான காரணிகளை, பனிக்குடம் உடைந்த நீங்கள் உங்களோடு பொருத்திப் பார்த்துக்கொண்டு கவலைப்படுவதில் பொருளில்லை.

அடுத்து, "காரணி" என்ற சொல்லே நிறையப் பேரை ஏமாற்றுகிறது. தெருவில் குடையோடு போகிறவர்கள் அதிகமாகத் தென்படும் நாளில் மழை பெய்யும் வாய்ப்பு அதிகம். அதற்காக எல்லோருடைய குடையையும் பிடுங்கி வைத்தால் மழை நிற்காது. ஆபத்துக் காரணிகளில் பல இந்தக் குடை மாதிரிதான். ஈறு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஈறு வீங்கிச் சீழ் பிடித்த பெண்களிடம் குறைப்பிரசவம் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டின. சரி, கர்ப்ப காலத்திலேயே ஈறுக்குச் சிகிச்சை கொடுத்தால் குறையும் அல்லவா? 800-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள், 2006-ல் முடிவு வந்தது. ஈறு குணமாயிற்று, குறைப்பிரசவம் குறையவில்லை. பிறப்புறுப்பில் நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகும் பாக்டீரியல் வஜினோசிஸ் கதையும் இதேதான். அது இருந்தால் ஆபத்து கூடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வேறு ஆபத்து எதுவும் இல்லாத கர்ப்பிணிகளுக்கு அதைத் தேடிக் கண்டுபிடித்து ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்த பெரிய பிரெஞ்சு ஆய்வு, 2018-ல், பலன் இல்லை என்றது.

பலன் இல்லை என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. பனிக்குடம் உடையாமல் முன்கூட்டியே வலி வந்த பெண்களுக்குத் தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு உண்டு. 2001-ல் வந்த முடிவு பலன் இல்லை என்றது. அந்தக் குழந்தைகளை ஏழு வயதில் மறுபடி பார்த்தபோது, மருந்து பெற்ற தாய்மார்களின் குழந்தைகளிடம் மூளைவாதம் (உடல் அசைவைப் பாதிக்கும் செரிப்ரல் பால்சி) சற்று அதிகமாக இருந்தது. "எதற்கும் இருக்கட்டுமே" என்று ஒரு மருந்தை எழுதக் கை போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: உங்களைப் போலப் பனிக்குடம் உடைந்தவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது சரியான சிகிச்சை, அது வேறு கணக்கு.

இப்போது உறுதியானவற்றுக்கு வருகிறேன். முன்பு ஒரு முறை தானாகவே குறைப்பிரசவம் ஆகியிருப்பதுதான், ஒற்றைக் குழந்தையைச் சுமக்கும் பெண்ணிடம் நாங்கள் பார்க்கும் மிக வலுவான அறிகுறி. எவ்வளவு சீக்கிரம் ஆனதோ அவ்வளவுக்கு மறுபடி நடக்கும் வாய்ப்பும் கூடும். இரட்டைக் குழந்தைகள் என்றால் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடும். மூன்று என்றால் கிட்டத்தட்ட எல்லாமே. நடுக் கர்ப்பத்தில், அதாவது 24 வாரத்துக்கு முன், யோனிவழி ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது நம்பகமான எச்சரிக்கை. கருப்பை வாயில் முன்பு ஆழமாக வெட்டிச் செய்த சிகிச்சை, பிறவியிலேயே கருப்பையின் வடிவம் மாறியிருத்தல், பனிக்குட நீர் அளவுக்கு மீறிச் சேர்தல், நஞ்சுக்கொடி கீழே படிந்திருத்தல், நடுவில் இரத்தப்போக்கு ஆகியவையும் அப்படியே. நாள்பட்ட இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோய், உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் போன்றவை பெரும்பாலும் மூன்றாவது கூட்டத்தின் வழியாக, அதாவது மருத்துவர் முடிவெடுத்துச் சீக்கிரம் பிரசவிக்க வைக்கும் வழியாக வருபவை. சிறுநீர்த் தொற்று, மலேரியா, சிஃபிலிஸ் போன்ற தொற்றுகள் சந்தேகமில்லாதவை, சிகிச்சையும் உள்ளவை. மிக ஒல்லியாக இருப்பதும் மிகப் பருமனாக இருப்பதும், பதின்ம வயதும் 40-ஐ ஒட்டிய வயதும், இரண்டு ஓரங்களிலும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பரம்பரைக்கும் பங்கு உண்டு. தாயே குறைமாதத்தில் பிறந்தவர் என்றால் வாய்ப்பு சற்று அதிகம், அது தாய் வழியில்தான் பெரிதும் வருகிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: குறைமாதத்தில் பெறும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் மேலே சொன்ன எதையும் முன்கூட்டிக் காண முடிவதில்லை. முதல் கர்ப்பம் என்றால் அது இன்னும் கடினம், ஏனென்றால் மிக வலுவான அறிகுறியான பழைய வரலாறே அவர்களுக்குக் கிடையாது. உங்கள் டாக்டர் "குறிப்பாகச் சொல்ல முடியாது" என்றது மழுப்பல் இல்லை. பெரும்பாலும் அதுதான் நேர்மையான பதில்.

சமூகக் காரணிகள் பற்றி நீங்கள் ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. வறுமை, குறைந்த படிப்பு, கடினமான உழைப்பு, புகை, வீட்டு வன்முறை, முதல் பரிசோதனைக்கே தாமதமாக வருவது என்று பட்டியல் போடுவார்கள். படிக்கும்போது ஏதோ அந்தப் பெண்ணின் குணக்குறைகளைப் பட்டியலிட்டது போலத் தோன்றும். கொஞ்சம் கிளறிப் பார்த்தால் இவற்றில் பெரும்பகுதி அவள் கையில் இல்லை.

புகையிலையிலிருந்து தொடங்கலாம். கர்ப்பிணி புகைத்தால் ஆபத்து கூடும் என்பது நிரூபணமானது, நிறுத்தினால் குறையும் என்பதும்தான். ஆனால் புகைக்காத பெண் அடுத்தவர் புகையை இழுப்பதும் கணக்கில் வரும். பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்த நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. தடைக்குப் பிறகு குறைப்பிரசவம் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து என்ற அளவில் குறைந்திருந்தது. குறைப்பிரசவத்தைத் தடுக்கவென்று நாங்கள் கொடுக்கும் மாத்திரைகளில் இந்த அளவு பலன் தருபவை குறைவு. இதற்கு எந்தக் கர்ப்பிணியும் எதையும் விழுங்க வேண்டியிருக்கவில்லை, ஒரு சட்டம் போதுமானதாக இருந்தது.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு, அதைச் செய்தது மருத்துவர்கள் அல்ல, பொருளாதார அறிஞர்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களின் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் வண்டிகள் முன்பு வரிசையில் நின்று காசு கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. நிற்காமலே மின்னணு முறையில் கட்டணம் கழிக்கும் ஏற்பாடு வந்ததும் நெரிசலும் புகையும் குறைந்தன. சாவடியிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களிடம் குறைப்பிரசவம் ஏறக்குறைய 11 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் வெளியிட்டார்கள். அந்தப் பெண்கள் தங்கள் வாழ்க்கையில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, பலருக்கு அப்படி ஓர் ஆய்வு நடந்ததுகூடத் தெரிந்திருக்காது. வெயிலும் இதே வரிசையில் சேர்கிறது. 2020-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்ததில், வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது குறைப்பிரசவ வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதம் கூடுவதாகவும், வெப்ப அலை நாட்களில் அது 16 சதவீதமாக இருப்பதாகவும் வந்தது. இந்த எண்களின் துல்லியத்தைப் பற்றி விவாதம் உண்டு, திசையைப் பற்றி இல்லை.

மன அழுத்தம் என்ற சொல்தான் என்னை எரிச்சலூட்டுவது. எல்லாப் பட்டியலிலும் அது இருக்கும், அடுத்த வரியில் "கவலைப்படாமல் மகிழ்ச்சியாக இருங்கள்" என்ற அறிவுரையும் இருக்கும். ஒரு பெண்ணின் அன்றாடக் கவலை, அலுவலகச் சண்டை, ஒரு நாள் அழுகை இவற்றால் பிரசவம் முன்கூட்டியே வந்துவிடும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. ஆனால் நீண்ட காலம், ஒரு சமூகத்தின் மீது கவிந்திருக்கும் அச்சமும் அவமதிப்பும் உடலைத் தொடாமல் விடுவதில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களிடம் குறைப்பிரசவ விகிதம் வெள்ளையினப் பெண்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. மரபணுதான் காரணம் என்று ஒரு காலத்தில் எளிதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். 1997-ல் இலினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிவந்த கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகளுடைய எடை, அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகளைவிட, வெள்ளையினக் குழந்தைகளின் எடைக்கே நெருக்கமாக இருந்ததைக் காட்டினார்கள். மரபணு அங்கிருந்துதானே வந்தது? அப்படியானால் வித்தியாசம் வந்தது அந்த நாட்டில் வாழ்ந்ததிலிருந்து. இன்னொன்று: 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில், கலிஃபோர்னியாவில் அரபுப் பெயர் கொண்ட தாய்மார்களிடம் குறைப்பிரசவமும் எடைக் குறைவும் முந்தைய ஆண்டைவிடக் கூடின. மற்றப் பெண்களிடம் அப்படி மாறவில்லை. கவலைப்படாதீர்கள் என்று அந்தத் தாய்மார்களிடம் யார் சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கப் போகிறது?

அடி வாங்கும் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணவனோ துணைவனோ துன்புறுத்தும் பெண்களிடம் குறைப்பிரசவம் அதிகம், இது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. சில நேரம் வயிற்றில் விழும் அடியே காரணம். சில நேரம் அவள் பரிசோதனைக்கு வர முடியாமல் போவது. வெளியில் தெரியும் காயம் இல்லாததால் நானே கேட்கத் தவறியிருக்கிறேன். இப்போது துணைக்கு வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எல்லோரிடமும் கேட்கிறேன்.

வேலை விஷயம் உங்களை நேராகத் தொடுவது. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல், இரவுப் பணி, நாள் முழுக்க நிற்பது, பாரம் தூக்குவது ஆகியவற்றுக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் தொடர்பு சிறியது. பழைய குறைப்பிரசவ வரலாற்றோடு ஒப்பிட்டால் அருகில்கூட வராது. தவிர, நாள் முழுக்க நிற்கும் வேலை பார்ப்பவருக்கு வருமானமும் ஓய்வும் குறைவாக இருப்பதும் உண்டு, அவற்றின் பங்கை முழுதாகக் கழித்துவிட்டு வேலையின் பங்கை மட்டும் அளப்பது எளிதல்ல. சாத்தியமானால் கர்ப்பிணிக்கு உட்கார நாற்காலியும் பகல் வேலையும் கொடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதித் தருகிறேன். நீங்கள் நின்று வேலை பார்த்ததால்தான் பனிக்குடம் உடைந்தது என்று மட்டும் எழுதித் தர மாட்டேன், ஏனென்றால் அது உண்மையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வீட்டில் சொன்ன மற்றவை? மாடிப்படி ஏறுவது, வழக்கமான வீட்டு வேலை, சாதாரண உடற்பயிற்சி, சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் தாம்பத்திய உறவு, சாதாரணப் பயணம் இவை எதுவும் குறைப்பிரசவத்தை வரவழைப்பதாக நிரூபணம் இல்லை. இதன் மறுபக்கம், படுக்கையில் ஓய்வு எடுத்தால் தடுக்கலாம் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. கருப்பை வாய் குட்டையான பெண்களில், நடமாட்டத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்குத்தான் குறைப்பிரசவம் அதிகம் நடந்திருந்தது என்று 2013-ல் ஒரு ஆய்வு சொன்னது. ஆபத்து அதிகம் என்று தோன்றியவர்களையே டாக்டர்கள் படுக்கச் சொல்லியிருக்கலாம், ஆகவே படுத்ததே காரணம் என்று முடிவு கட்ட முடியாது. ஆனாலும் படுத்துக் கிடப்பதால் இரத்தம் உறைவது, தசை தளர்வது, வேலை பறிபோவது எல்லாம் நிச்சயமான நட்டங்கள். அப்படிப் படுக்கச் சொன்ன தலைமுறை மருத்துவர்களில் நானும் ஒருத்தி.

ஆக, முதல் கேள்விக்கு என் பதில்: நீங்கள் எழுதியவற்றில், நீங்கள் செய்த ஒரு காரியத்தைக் காட்டி இதனால்தான் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பனிக்குடம் முன்கூட்டி உடைவதற்குப் பின்னால் அறிகுறியே காட்டாத தொற்றும் அழற்சியும் பல நேரம் இருக்கின்றன. அவை உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இரண்டாவது கேள்வி. தானாகக் குறைப்பிரசவம் ஆனவர்களை அடுத்த கர்ப்பத்தில் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்தால், சுமார் பத்தில் மூன்று பேருக்கு மறுபடி குறைப்பிரசவம் ஆகிறது. ஏழு பேருக்கு ஆவதில்லை. மறுபடி ஆகும்போதும் பல நேரம் முதல் தடவையைவிடச் சில வாரங்கள் தள்ளித்தான் ஆகிறது. 31 வாரம் என்பது ஓரளவு சீக்கிரம் என்பதால் உங்களுக்கு இந்த மூன்று என்ற எண்ணைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இடைவெளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்துக் கருத்தரிக்க 24 மாதம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்களிடம் குறைப்பிரசவம் அதிகம் என்பது பழைய கண்டுபிடிப்பு. பிற்காலத்தில் ஒரே தாயின் வெவ்வேறு கர்ப்பங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தத் தொடர்பு நன்றாகவே சுருங்கிவிட்டது. எப்படியானாலும் உங்கள் மகனுக்கு இரண்டு வயது ஆகிவிட்டதால் இதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை.

கருத்தரித்ததும் செய்ய வேண்டியது, முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்து வாரக் கணக்கை உறுதி செய்வது. கணக்கு தவறினால் பின்னால் எடுக்கும் எல்லா முடிவும் தவறும். சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் தொற்று இருந்தால் சிகிச்சை உண்டு. ஏறத்தாழ 16-ஆம் வாரத்திலிருந்து 24-ஆம் வாரம் வரை சில முறை யோனிவழி ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன் இதற்கு அவ்வளவு நம்பகமில்லை. நீளம் குறைந்தால் யோனிவழி வைக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்து உதவும், இதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. உங்களைப் போல முன்வரலாறும் இருந்து, கருப்பை வாயும் குட்டையானால் தையல் போடுவதும் ஒரு வழி. பம்பாய் மருத்துவர் ஷிரோத்கர் 1955-ல் எழுதிய முறையும், அதற்கு இரண்டு ஆண்டு கழித்து வந்த மெக்டொனால்டின் எளிய முறையும்தான் இன்றும் புழக்கத்தில் உள்ளவை. எல்லோருக்கும் தையல் போட்டுவிடுவது சரியல்ல. தேவையில்லாத தையலாலும் தொந்தரவு வரலாம்.

யாராவது வாரம் ஒரு புரோஜெஸ்டிரோன் வகை ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். 2003-ல் ஓர் ஆய்வு அந்த ஊசி குறைப்பிரசவத்தை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாகச் சொன்னது. நாங்களும் மகிழ்ச்சியோடு எழுதினோம், நானே பலருக்கு எழுதியிருக்கிறேன். 2019-ல் வந்த, அதைவிடப் பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. 2023 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் அனுமதியைத் திரும்பப் பெற்றது. யோனிவழி மருந்து வேறு, அந்த ஊசி வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லிக் குழப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆஸ்பிரின் பற்றியும் கேட்டீர்கள். ப்ரீ-எக்லாம்ப்சியா ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முதல் மூன்று மாத முடிவிலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தால், 37 வாரத்துக்கு முன் வரும் அந்த நோய் பாதிக்கும் மேல் குறைகிறது என்று 2017-ல் நிறுவப்பட்டது. 2020-ல் ஆறு நாடுகளில் முதல் குழந்தையைச் சுமந்த ஏறத்தாழ 12,000 பெண்களிடம் செய்த சோதனையில், குறைப்பிரசவம் 13.1 சதவீதத்திலிருந்து 11.6 ஆகக் குறைந்தது. சிறிய பலன், ஆனால் மலிவான மாத்திரை. இது முதல் கர்ப்பத்துக்கான விடை, பனிக்குடம் உடைந்த வரலாறு உள்ள இரண்டாம் கர்ப்பத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் இரத்த அழுத்தத்தையும் மற்றவற்றையும் பார்த்து உங்கள் டாக்டர் முடிவெடுக்கட்டும், நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

நீங்கள் புகைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்குள் யாராவது புகைத்தால் அதை வெளியே அனுப்புவது, நீங்கள் வேலையை விடுவதைவிட நிச்சயமான பலன் தரும்.

கர்ப்பத்தின் நடுவிலோ பின்னாலோ நீர் கசிவது போலத் தோன்றினாலும், சீரான இடைவெளியில் வயிறு இறுகினாலும், இரத்தம் பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாங்கள் பிரசவத்தைப் பல நேரம் நிறுத்த முடிவதில்லை. ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போட முடிகிறது. அந்த நேரத்தில் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைத் தயார் செய்கிறது. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பிழைக்கவே கூடாத அளவு சீக்கிரம் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து தொடங்கி, ஹவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 1972-ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த ஊசிக்கு அடிப்படை. உங்கள் மகனுக்காக உங்களுக்கும் அது போடப்பட்டிருக்கலாம். பிரசவம் மறுநாள்தான் ஆனது என்றீர்கள்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி உங்களிடம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மருத்துவமனையில் எழுதிக் கேட்டு ஒரு நகல் வாங்கிவிடுங்கள். எந்த வாரம் எந்த நேரத்தில் நீர் உடைந்தது, காய்ச்சல் இருந்ததா, கருப்பை வாய் அளந்திருந்தார்களா, நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, அனுப்பியிருந்தால் அதில் தொற்று தெரிந்ததா என்பதெல்லாம் அதிலோ கேஸ் ஷீட்டிலோ இருக்கும். கருத்தரிப்பதற்கு முன்பே அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். நான் இங்கே பொதுவாகச் சொன்னதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று அவரால் அந்த ஒரு காகிதத்தை வைத்தே பாதி சொல்லிவிட முடியும்.